பாட்டியைப் பாத்துக்கற முறை: சனிக்கிழமை யாரு?

மணி பெரியப்பா: சுதா போட்ட முறை அட்டவணையில சனிக்கிழமை பக்கத்துல காலிக் கட்டம் ஒண்ணு இருக்கு. என் முறையா இல்லையா?

மீனா அத்தை: கட்டம் இல்லண்ணா, சுத்து அம்பு. முறை மாத்தியாச்சுன்னு அர்த்தம்.

மணி பெரியப்பா: எனக்குக் கட்டம்தான் தெரியுது.

சித்தி: எனக்கு அம்பு வருதே

சுதா: எனக்கும்

கார்த்தி: பெரியப்பா, நீங்க பாக்கறதும் சரிதான். சுதா போட்டிருக்கறது ⟳. யூனிகோடுன்னா எல்லா எழுத்துக்கும் குறிக்கும் எண் குடுக்கிற பொதுப் பட்டியல். இது 2002ல அதோட 3.2 பதிப்புல சேந்த எழுத்து. இதே மாதிரி ↻ ஒண்ணு இருக்கு, அது 1993லயே 1.1ல வந்துடுச்சு. கண்ணுக்கு ஒண்ணு போலத்தான் இருக்கும், ஆனா ரெண்டும் தனித்தனி எழுத்து. போன்ல இருக்கிற எந்த எழுத்துருவுலயும் அந்த வடிவம் இல்லைன்னா வெறும் கட்டம் போட்டுக் காட்டும். எழுத்து எங்கயும் போகல. அந்தக் கட்டத்தை அப்படியே காப்பி பண்ணி இங்க போடுங்க.

மணி பெரியப்பா: ⟳

கார்த்தி: எனக்கு முழு அம்பா வந்திருக்கு பாருங்க.

மீனா அத்தை: போன மாசம் ரெண்டாவது வாரமும் கட்டம்தானாண்ணா?

சித்தி: அக்கா, இப்ப வேண்டாம்

ரவி சித்தப்பா: பேசாம 🔄 போட்டுடு. எல்லாருக்கும் தெரியும்.

கார்த்தி: தெரியும் சித்தப்பா, ஆனா போனுக்குப் போன் நிறமும் வடிவமும் மாறும். நீங்க அட்டவணையை அச்செடுத்து பாட்டி கட்டில்கிட்ட ஒட்டறீங்க. கறுப்பு வெள்ளையில அது சாம்பல் கட்டமா விழலாம், உள்ள இருக்கிற அம்பு கண்ணுக்குச் சரியாப் பிடிபடாம போகலாம். அதோட 🔄 யூனிகோடு பேர்படி இடஞ்சுழி. வலஞ்சுழி வேணும்னா 🔃.

ரவி சித்தப்பா: எந்தப் பக்கம் சுத்தினா என்னடா

கார்த்தி: நம்ம அட்டவணையில அதுதானே விஷயம். ↻ போட்டா முறை மாறிடுச்சு. ↺ போட்டா மாத்தினது ரத்து, பழைய ஆளே வரணும்.

சுதா: ஐயோ. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு ஞாயிறுக்கு மத்ததைப் போட்டுட்டேன்

சித்தி: அப்ப ஞாயிறு யாரு??

மீனா அத்தை: பாட்டி கண் சொட்டு மருந்து தீரப் போகுது. வர்றவங்க வாங்கிட்டு வாங்க.

மணி பெரியப்பா: வர்றவங்கன்னா யாரு?

மீனா அத்தை: கார்த்தி, கம்ப்யூட்டர்ல ↻ வர ஆல்ட் பிடிச்சுக்கிட்டு அதோட எண் 8635 அடிக்கச் சொன்னியே. நோட்பேடில ╗ வருது. மூணு தடவை அடிச்சுட்டேன்.

கார்த்தி: பழைய நோட்பேடு மாதிரி இடத்துல ஆல்ட் எண் 255க்கு மேல போனா, 256ஆல வகுத்த மீதியைத்தான் எடுத்துக்கும் அத்தை. 256ஐ 33ஆல பெருக்கினா 8448. 8635ல அது போக மீதி 187. பழைய எழுத்துப் பட்டியல்ல 187தான் அந்த ╗. வேர்டுல அடிங்க, 8635ஏ ↻ தரும். இன்னொரு வழி: 21 அடிச்சு, இடைவெளி விடாம ஆங்கில பி ரெண்டு அடிச்சு, ஆல்ட்டோட எக்ஸ். ↺க்கு 21, அப்புறம் பி, ஏ. தேதிக்கு ஒட்டின மாதிரி அடிச்சா தேதி எண்ணையும் சேத்து இழுத்துக்கும். அதனால அந்த நாலு எழுத்தை மட்டும் தேர்வு பண்ணிட்டு ஆல்ட் எக்ஸ் அடிங்க.

மீனா அத்தை: வந்துடுச்சு ↻

சுதா: எக்செல்ல?

கார்த்தி: UNICHARனு ஒரு சார்பு இருக்கு. சமக்குறி, அந்தப் பேரு, அடைப்புக்குள்ள 8635. ↺க்கு 8634. ஆனா கோப்பை சிஎஸ்வியா, அதாவது வெறும் எழுத்துக் கோப்பா, சேமிக்கிறப்ப யூடிஎஃப் 8 வகையைத் தேர்ந்தெடு சுதா. சாதா சிஎஸ்வியா சேமிச்சா அம்பு இருந்த இடத்துல கேள்விக்குறிதான் மிஞ்சும், தமிழ்ப் பேரும் அதே கதிதான். இந்தக் கட்டம் மாதிரி இல்ல அது, எழுத்தே அழிஞ்சு போயிடும். திரும்ப எடுக்க முடியாது.

ரவி சித்தப்பா: போன்ல அடிக்கணும்னா?

கார்த்தி: ↻ இந்த ஒரு எழுத்தைக் காப்பி பண்ணிக்கோங்க. கீபோர்டு அமைப்புகள்ல தனிப்பட்ட அகராதின்னு இருக்கும், ஐபோன்ல உரை மாற்றம்னு பாருங்க. அங்க ஒட்டி, சுருக்கெழுத்து இடத்துல ‘முமா’ன்னு போடுங்க. அடுத்த தடவை முமா அடிச்சா போதும். இமோஜி பக்கத்துல தேடாதீங்க, ↻ இமோஜியே கிடையாது.

மணி பெரியப்பா: எனக்கு இப்ப அம்பு தெரியுது. ↻

கார்த்தி: அப்ப அட்டவணை முழுக்க அதுதான். ஆனா குறியை மட்டும் விடாதீங்க, “↻ மாற்று”, “↺ ரத்து”ன்னு வார்த்தையும் சேத்தே எழுதுங்க. மாமா போனைப் படிக்கச் சொல்லித்தான் கேக்கறார். திரைவாசிப்பான் பல நேரம் இந்தக் குறியைச் சொல்லாமலே தாண்டிடும். அவருக்கு அந்த நாள்ல எதுவுமே மாறாத மாதிரி இருக்கும்.

மாமா: ஆமாம்ப்பா. எனக்குச் சனிக்கிழமைன்னு மட்டும்தான் கேட்டுச்சு. பக்கத்துல குறி இருக்குன்னே இப்பத்தான் தெரியும்.

சித்தி: இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாமா

மீனா அத்தை: அவரை யாரு கேட்டா

சுதா: சரி மாத்திடறேன். சனி ↻ மாற்று, மணி பெரியப்பாவுக்குப் பதில் ரவி சித்தப்பா. சரியா?

ரவி சித்தப்பா: நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?

மணி பெரியப்பா: நீதானே போன்ல சொன்னே

ரவி சித்தப்பா: பாத்துட்டுச் சொல்றேன்னு சொன்னேன்

சுதா: அப்ப ↺ ரத்துன்னு போடவா?

சித்தி: கொஞ்சம் இரு

மீனா அத்தை: சொட்டு மருந்து பேர் படம் எடுத்துப் போடறேன்