ஃபிரக்டோஸிலிருந்து அல்லுலோஸ்: மாற்றம் 30 சதவீதத்தைத் தாண்டாதது ஏன்?

கேள்வி

அக்ரோபாக்டீரியம் டியூமிஃபேசியன்ஸ் என்ற பாக்டீரியாவின் சைக்கோஸ் (அல்லுலோஸின் மறுபெயர்) 3-எபிமரேஸ் நொதிக்கான மரபணுவை ஈ. கோலை பாக்டீரியாவில் புகுத்தி, அதிலிருந்து பிரித்தெடுத்த நொதியைக் கொண்டு ஃபிரக்டோஸை, கலோரி குறைந்த சர்க்கரையான அல்லுலோஸாக மாற்றி வருகிறேன். நொதியை இருமடங்காக்கினாலும், வினை நேரத்தை நீட்டித்தாலும், ஏறத்தாழ 30 சதவீதத்தோடு மாற்றம் நின்றுவிடுகிறது. நொதிக்குத் துணையான மாங்கனீசு அயனியும் சேர்த்திருக்கிறேன். நொதி இடையிலேயே செயலிழக்கிறதா?

மறுமொழி 1

நொதியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் கார்பனிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதியின் திசையை மாற்றும் இவ்வினை இருபுறமும் நடப்பது. அதன் சமநிலையே சுமார் 70:30 என்ற விகிதத்தில், ஃபிரக்டோஸின் பக்கம் சாய்ந்திருக்கிறது. நொதி அந்நிலைக்கு விரைவாகக் கொண்டுசேர்க்குமே தவிர, அந்நிலையை நகர்த்தாது. ஐயமிருந்தால் தூய அல்லுலோஸில் தொடங்கிப் பாருங்கள், அதே விகிதத்தில் வந்து நிற்கும். குளுக்கோஸை ஃபிரக்டோஸாக்கும் நொதியான குளுக்கோஸ் ஐசோமரேஸ் தரும் 42 சதவீத ஃபிரக்டோஸ் பாகை 55 சதவீதமாக்க ஆலைகள், சர்க்கரைகளைத் தனித்தனியே பிரிக்கும் குரோமடோகிராபியை நாடுவதும் இத்தகைய தடையால்தான்.

மறுமொழி 2

மேலே சொன்னது சரியே. வெப்பநிலையை உயர்த்தினால் சமநிலை சற்று அல்லுலோஸின் பக்கம் நகரும். ஆனால் உங்கள் நொதி 50 பாகை செல்சியஸுக்கு மேல் விரைவில் செயலிழக்கும், சர்க்கரையும் பழுப்பேறும். போரேட் (போரான் உப்பு) சேர்த்தால் அது அல்லுலோஸுடன் கூடுதலாகப் பிணைந்து விளைச்சலை உயர்த்துகிறது. எனினும் உணவுப் பொருளிலிருந்து அதை முழுமையாக நீக்கும் தொல்லையை நினைத்தால், நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தது பாஸ்பேட் வழி. ஸ்டார்ச்சிலிருந்து தொடங்கி, குளுக்கோஸ் 6-பாஸ்பேட், ஃபிரக்டோஸ் 6-பாஸ்பேட், அல்லுலோஸ் 6-பாஸ்பேட் எனச் சென்று, இறுதியில் பாஸ்பட்டேஸ் நொதி பாஸ்பேட்டை வெட்டிவிடுகிறது. இக்கடைசிப் படி நடைமுறையில் மீளாதது என்பதால், முந்தைய படிகளின் சமநிலைகள் எல்லாம் முன்னோக்கி இழுக்கப்படுகின்றன. ஆனால் அந்தப் பாஸ்பட்டேஸ் அல்லுலோஸ் 6-பாஸ்பேட்டை மட்டுமே தேர்ந்து வெட்ட வேண்டும்; இல்லையேல் பாதிவழியிலேயே குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கழன்றுவிடும். உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

நன்றி. தூய அல்லுலோஸில் தொடங்கினேன். அதே விகிதத்தில் நின்றது. எங்கள் ஆய்வகத்தில் தயாரிப்பு அளவிலான குரோமடோகிராபி வசதி இல்லை. எஞ்சிய ஃபிரக்டோஸை வேறு எப்படி நீக்கலாம்?

மறுமொழி 3

ரொட்டி ஈஸ்ட்டைப் பயன்படுத்துங்கள். அது ஃபிரக்டோஸை நொதிக்கச் செய்து தீர்த்துவிடும், அல்லுலோஸைத் தொடாது. எபிமரேஸை முதலில் வெப்பத்தால் செயலிழக்கச் செய்ய மறவாதீர்கள். இல்லையேல் ஈஸ்ட் ஃபிரக்டோஸை உண்ண உண்ண, நொதி உங்கள் அல்லுலோஸைத் திரும்ப ஃபிரக்டோஸாக்கி அதற்குப் பரிமாறிக்கொண்டே இருக்கும்.