புதுப்பிப்பு: மண்டபத்தில் நடந்த பாசிக்கட்டி

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் நண்டு வலையோடு வந்த பாசிக்கட்டி ஒன்று நடக்கிறது, என்ன இது என்று படம் போட்டுக் கேட்டிருந்தேன் அல்லவா? அலங்கார நண்டுதான், காம்போசியா ரெட்டூசா இனம் போலத் தெரிகிறது. வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்த அண்ணன் பாசியை ஒதுக்கிக் காட்டினார். காலெல்லாம் பொடிப்பொடியாகக் கொக்கி மயிர், செருப்பு வெல்க்ரோ மாதிரி. கடற்பஞ்சையும் (பஞ்சு மாதிரி இருக்கும் கடல் உயிரி) பாசியையும் இடுக்கியால் கிள்ளி, வாயில் மென்று ஓரத்தைப் பிசிறாக்கி, அந்தக் கொக்கிகளில் மாட்டிக்கொள்ளுமாம். ஓடு உரித்தபின் பழைய ஓட்டில் இருப்பதையே பிய்த்துப் புதிய ஓட்டில் மாட்டிவிடும். சிக்கனக்காரி! ஓடித் தப்பும் வேகம் கிடையாது, அதனால்தான் இந்த வேடம். சில கடற்பஞ்சுகளின் கெட்ட சுவையும் மீன்களை அண்டவிடாது. அப்புறம், குழம்பு வைக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: கறி ஒன்றும் தேறாது, கடலிலேயே விட்டாச்சு.