இரண்டு மாதத்தில் வெளுத்த பிள்ளை: உங்கள் வீட்டில் எப்படி?

ரங்கூன் அம்மா:
பிறந்தபோது செக்கச்செவேல் என்று இருந்த மகன் இரண்டு மாதத்தில் வெளுத்துப் போனான். இரத்தம் பார்த்தால், பிறந்த அன்று 17 இருந்த ஹீமோகுளோபின் 10.4. மாமியார் அன்றைக்கே மாதுளை பிழிந்து பாலாடையில் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார். பர்மாக்கார டாக்டரம்மாவோ சாறும் வேண்டாம், டானிக்கும் வேண்டாம் என்றார்.

வயிற்றுக்குள் இருக்கும்போது பிள்ளைக்கு ஆக்சிஜன் குறைவாம். அதனால் எரித்ரோபாய்டின் ஹார்மோன் கல்லீரலில் நிறையச் சுரந்து சிவப்பணுக்கள் ஏராளமாக உருவாகும். பிறந்து மூச்சு இழுத்ததும் ஆக்சிஜன் தாராளம். ஹார்மோன் இறங்கும், சிவப்பணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையும் வேலையைக் குறைத்துக்கொள்ளும். இருக்கிற அணுக்களோ நம்முடையதைப் போல 120 நாள் தாங்காது, 60 முதல் 90 நாள்தான். பிள்ளையும் மளமளவென்று வளர்கிறது. 8 முதல் 12 வாரத்துக்குள் அளவு அடிமட்டத்துக்கு வந்து, அப்புறம் தானாக ஏறும். அழிந்த அணுக்களின் இரும்பு உடம்பிலேயே சேமிப்பில் இருக்குமாம். நன்றாகப் பால் குடிக்கிறான், எடை ஏறுகிறது, கவலை இல்லை என்று அனுப்பிவிட்டார்.

மாமியாரை யார் சமாதானப்படுத்துவது? சாற்றை என்னைக் குடிக்கச் சொன்னார். குடித்தேன்.

மோல்மேன் சித்தி:
நிறைமாதப் பிள்ளைக்குச் சரி. எங்கள் அக்கா மகள் 30 வாரத்தில் பிறந்தவள். ஒன்றரை மாதத்துக்குள் ஹீமோகுளோபின் 8க்கு வந்துவிட்டது. குறைமாதத்தில் அணுக்களின் ஆயுள் இன்னும் குறைவு. கடைசி மாதங்களில் தாயிடமிருந்து வரவேண்டிய இரும்பும் வந்து சேர்ந்திருக்காது. போதாததற்குப் பரிசோதனைக்கு எடுக்கும் இரத்தம் வேறு! ஒரு கிலோ பிள்ளையின் உடம்பில் மொத்தமே ஏறக்குறைய 90 மில்லி. அக்கா ஒவ்வொரு குழாயையும் நோட்டில் குறித்து வைத்து, "இது எதற்கு?" என்று நர்சுகளைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்க வேண்டியதுதான். கடைசியில் இரத்தம் ஏற்றினார்கள், இரும்புச் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள்.

பெகு நர்ஸ்:
தொப்புள்கொடியை 1 முதல் 3 நிமிடம் பொறுத்து வெட்டச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியில் இருக்கும் இரத்தம் பிள்ளைக்குப் போய்ச் சேரும், இரும்பும் கூடும். பாட்டிமார் அவசரப்படுத்துவார்கள். கொடி துடிப்பதைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன், அடங்கிவிடுவார்கள்.

ரங்கூன் மாமா:
மூன்று மாதத்துக்குப் பிறகும் வெளுப்பு கூடிக்கொண்டே போனால் சும்மா இருக்காதீர்கள். கருவில் இருந்த ஹீமோகுளோபின் குறையக் குறையத்தான் பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்தசோகை தலைகாட்டும். பர்மாவில் இ வகை (Hb E) என்ற, பரம்பரையாக மாறிய ஹீமோகுளோபினும் நிறையப் பேருக்கு உண்டு. தங்கை மகனுக்கு வயிறு உப்பிய பிறகுதான், மண்ணீரல் வீக்கம் என்று தெரிந்தது. தங்கைக்கு இ வகை, மாப்பிள்ளைக்குப் பீட்டா, பிள்ளைக்கு இரண்டும் வந்துவிட்டது. பெற்றவர்கள் இரண்டு பேருக்குமே அதுவரை ஒரு தொந்தரவும் இருந்ததில்லை.