மதியம் மூன்று மணி நேரம்: கிட்டார் பட்டறையும் படுக்கையில் இருக்கும் தந்தையும்

தகடூரான்:
கிருஷ்ணகிரி அன்பர் ஒருவர், பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த தம் தந்தையைப் பார்த்துக்கொண்டே கிட்டாரும் செய்து வருவதாக நேற்று இந்த இணைய மன்றத்தில் எழுதியிருந்தார். "மதியம் அப்பாவைப் படுக்க வைத்துவிட்டு மூன்று மணி நேரம் தலைநிமிராமல் பட்டறையில் இருக்கிறேன், மனமிருந்தால் எவருக்கும் இது கைகூடும்" என்பது அவர் வாக்கு. பலரும் ஆகா என்று பாராட்டியிருந்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. தாமாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்று மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போதே செவிலியர் சொல்வார். முதுகின் அடியில், வால் எலும்புக்கு மேலே, தோல் முதலில் சிவக்கும். விரலால் அழுத்தி எடுத்தாலும் அந்தச் சிவப்பு வெளுக்கவில்லை என்றால் புண் உள்ளே தொடங்கிவிட்டது என்று பொருள். என் தாயாரை வைத்துப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தலைநிமிராத அந்த மூன்று மணி நேரத்தில் உங்கள் தந்தையைத் திருப்பிப் படுக்க வைத்தது யார்?

மாங்கனி நகரத்தான்:
ஐயா, 'அன்பர் ஒருவர்' என்று சுற்றி வளைத்திருக்க வேண்டாம்; இங்கே கிருஷ்ணகிரியிலிருந்து கிட்டார் பற்றி எழுதுகிறவன் நான் ஒருவன்தான். அப்பாவுக்கு மோட்டார் வைத்த காற்று மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறேன். அதன் அறைகள் மாறி மாறிக் காற்றை நிரப்பி இறக்குவதால் ஒரே இடத்தில் அழுத்தம் நிற்பதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி செய்பவர் வீட்டுக்கே வந்து கையையும் காலையும் அசைத்துப் பயிற்சி கொடுக்கிறார். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது என்பதைத் தருமபுரிக்காரர்களுக்கு நினைவூட்டக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தகடூரான்:
நினைவூட்டலுக்கு நன்றி. 2004 வரை நீங்களும் தருமபுரி மாவட்டம்தான் என்பதையும், எங்கள் தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008இலேயே வந்துவிட்டது என்பதையும், உங்களுக்கு 2022 வரை அது வாய்க்கவில்லை என்பதையும் பதிலுக்கு நினைவூட்டுகிறேன். பிசியோதெரபி செய்பவர் வருவார், பயிற்சி கொடுப்பார், அடுத்த வீட்டுக்குப் போவார். மதியம் முழுக்க உங்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பது அவர் வேலையன்று. காற்று மெத்தை போட்டாலும் திருப்பிப் படுக்க வைப்பதை நிறுத்தக் கூடாது. மின்சாரம் போனால் அந்த மெத்தையும் வெறும் ரப்பர்தான். கேள்விக்கு விடை வரவில்லை. திருப்பியது யார்?

ஓசூர் நாண்:
தகடூரான் அண்ணா, கிட்டார் வேலை தெரியாமல் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. மூன்று மணி நேரமும் கை ஓயாமல் இருக்கும் வேலை அன்று இது. மேல்பலகையின் அடியில் தாங்குபட்டைகளை ஒட்டி கிளாம்ப் போட்டுவிட்டால் மறுநாள் வரை அதைத் தொடவே கூடாது. அண்ணன் பயன்படுத்துவது வச்சிரம், அதாவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. அறுபது டிகிரி அளவில் காய்ச்சித் தடவினால் ஒரு நிமிடத்துக்குள் இறுகத் தொடங்கிவிடும். ஒட்டினோம், எழுந்தோம், அப்பாவைப் பார்த்தோம் என்று ஆகிவிடும்.

தகடூரான்:
தம்பி, வேலை தெரியாதவனிடம் பேசுவதாக நினைத்துவிட்டீர்கள். கிட்டாரின் பக்கப்பலகை ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் கனம். அதை நனைத்து, சூடான இரும்புக் குழாயில் வைத்து இடுப்பு வளைவை எடுக்கும்போது பாதியில் "தண்ணீர்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தால், ஒன்று பலகை கருகும் அல்லது நார் பிளந்துகொள்ளும். எழுந்து போகக்கூடிய வேலைதான் என்றால் 'தலைநிமிராமல்' என்று எழுதியது பொய். எழுந்து போக முடியாத வேலை என்றால், என் கேள்விக்கு விடை சொல்லுங்கள். வச்சிரத்தின் பெருமையை எனக்குச் சொல்ல வேண்டாம்; இதே மாங்கனி நகரத்தானிடம் நான் வாங்கிய கிட்டாரின் பாலம், கம்பிகளைத் தாங்க மேல்பலகையில் ஒட்டும் அந்தக் கட்டை, முதல் கோடையிலேயே பெயர்ந்து கையோடு வந்தது.

மாங்கனி நகரத்தான்:
இப்போது புரிகிறது, இந்த அக்கறையெல்லாம் எங்கிருந்து வந்தது என்று. அந்தக் கிட்டாரைச் சன்னலோரம், வெயில் நேரே விழும் இடத்தில் நீங்கள் மாட்டி வைத்திருந்த படத்தை நீங்களே இங்கே போட்டிருந்தீர்கள். சூடும் ஈரமும் சேர்ந்து பட்டால் வச்சிரம் இளகும். பழுதானால் மரத்துக்குச் சேதமில்லாமல் பிரித்து மீண்டும் ஒட்ட முடியும் என்பதற்காகத்தான் அதை விரும்புகிறோம். ஃபெவிகாலில் ஒட்டியிருந்தால் பாலத்தோடு மேல்பலகையின் நாரும் பிய்ந்து வந்திருக்கலாம். வருண தேவனையும் சூரிய தேவனையும் என் பட்டறைக் கணக்கில் எழுதாதீர்கள். ஐப்பசி மழை ஈரத்தில் பட்டை ஒட்டினால் பங்குனி வெயிலில் பலகை சுருங்கி வெடிக்கும் என்பதால், காய்ந்த நாளாகப் பார்த்துத்தான் நான் அந்த வேலையையே தொடங்குகிறேன். அப்பா ஓய்வெடுக்கும் மதியமும் அந்தக் காய்ந்த நாளும் ஒன்றுகூடுவது அபூர்வம்; அதைத்தான் 'மூன்று மணி நேரம்' என்று எழுதினேன்.

தகடூரான்:
நல்லது. ஐப்பசி வந்தது, பங்குனி வந்தது, சூரியன் வந்தான். திருப்பியது யார் என்பது மட்டும் வரவில்லை.

பாரூர் மருமகள்:
நான் இவ்வளவு நேரமும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். தகடூரான் ஐயா இத்தனை முறை கேட்ட கேள்விக்கு இங்கே இருக்கும் பெண்கள் எல்லோருக்கும் விடை தெரியும். அந்த வீட்டில் ஒரு மருமகள் இருப்பார். மதியச் சோற்றைக் குழைய மசித்து, மாமனாரை நிமிர்த்தி உட்கார வைத்து, புரை ஏறாமல் கரண்டி கரண்டியாக ஊட்டி, உடனே படுக்க வைத்தால் உணவு மேலேறும் என்பதால் அரை மணி நேரம் அப்படியே தாங்கி உட்கார வைத்து, பிறகு துணி மாற்றி, முதுகைத் துடைத்து, கால்களுக்கு நடுவே தலையணை கொடுத்து ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு அவர் சாப்பிட உட்காரும்போது மூன்று மணியாகியிருக்கும். "அப்பாவைப் படுக்க வைத்துவிட்டு" என்று அண்ணன் எழுதியது அதைத்தான். அவருடைய நீண்ட பதிவில் பலாமரமும் ஈட்டிமரமும் வருகின்றன. அந்தப் பெண் ஓரிடத்திலும் வரவில்லை.

மாங்கனி நகரத்தான்:
சகோதரி, என் வீட்டுக்குள் வந்து பார்த்ததுபோல எழுதுகிறீர்கள். இரவு முழுவதும் அப்பா பக்கத்தில் படுப்பவன் நான். இரவில் எழுந்து புரட்டிவிடுவதும், குழாய் வழியே சிறுநீர் சேரும் பையைக் காலி செய்வதும் என் வேலை. அதை நான் விளம்பரப்படுத்தவில்லை என்பதற்காக நான் செய்யவே இல்லை என்று ஆகிவிடுமா?

தகடூரான்:
இரவைப் பற்றி எவரும் கேட்கவில்லை; மதியத்தைப் பற்றித்தான் கேட்டோம். பாரூர் அம்மா ஒரு வாய்ப்பைக் கையில் எடுத்துக் கொடுத்தும், "ஆம், என் மனைவிதான்" என்ற மூன்று சொற்களை எழுத உங்களுக்கு மனம் வரவில்லை. மனமிருந்தால் எவருக்கும் கைகூடும் என்றீர்களே, மனைவி இருந்தால் கைகூடும் என்று எழுதியிருந்தால் நான் இந்தத் திரியைத் தொடங்கியே இருக்க மாட்டேன். நான் திருமணம் ஆகாதவன். என் தாயாரைப் பார்த்த காலம் முழுவதும் உளி டிரங்குப் பெட்டியில் கிடந்தது. உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் உறவினர் ஒருவர், "பார், அவர் இரண்டையும் செய்கிறார், உனக்குத்தான் மனமில்லை" என்று எனக்கே அனுப்பி வைத்தார். இன்னொன்று: பட்டறை திண்ணையில் இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். ஈட்டிமரத் தூள் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமையை உண்டாக்கும். மரத்தூளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையே, புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் முதல் வகையில் வைத்திருக்கிறது. திண்ணைக்கு அடுத்த அறையில் எழுந்து போக முடியாதவர் ஒருவர் படுத்திருக்கிறார்.

ஓசூர் நாண்:
அண்ணன் முதுகுப்பலகைக்குப் பெரும்பாலும் பலாவைத்தான் பயன்படுத்துகிறார். தஞ்சாவூர் வீணையே பலாவில்தான் செய்யப்படுகிறது. ஈட்டிமரம், கம்பியை விரலால் அழுத்தும் விரல்பலகைக்கும் பாலத்துக்கும் மட்டுமே. தூளைப் பற்றிப் பேசும் முன் எந்த மரம், எவ்வளவு என்று கேட்டிருக்கலாம்.

தகடூரான்:
பலாத் தூள் சந்தனப் பொடியா, தம்பி? மரத்தூள் என்றால் எல்லா மரமும் அடக்கம். நீங்கள் ஷிஃப்ட் முடிந்து வந்து விளையாட்டாக உளி பிடிப்பவர். உங்கள் பெற்றோர் ஊரில் நடமாட்டத்தோடு இருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதில் உங்களுக்கு என்ன வழக்கு?

ஓசூர் நாண்:
என் பெற்றோரை இதில் இழுக்க வேண்டாம். பெயர்ந்த பாலத்துக்குப் பணம் திரும்பக் கிடைக்காத ஆத்திரத்தை ஒரு நோயாளியின் பெயரால் தீர்த்துக்கொள்கிறீர்கள் என்பது படிப்பவர்களுக்குத் தெரிகிறது.

பாரூர் மருமகள்:
மறுபடியும் பாலத்துக்கே போய்விட்டீர்கள். அந்தப் பெண் மதியம் எப்போது சாப்பிடுகிறார் என்று இன்னும் எவரும் கேட்கவில்லை.

மாங்கனி நகரத்தான்:
பணம் திருப்பித் தருகிறேன் என்று அன்றைக்கே சொன்னேன். கிட்டாரைத் திருப்பி அனுப்பச் சொன்னதற்குத் தகடூரான்தான் மறுத்தார். பாலத்தை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்துக்கு வாருங்கள், நேரிலேயே பேசுவோம்.

தகடூரான்:
வருகிறேன், மதியமாகப் பார்த்து வருகிறேன். அந்த நேரத்தில் நீங்கள் பேருந்து நிலையத்துக்கு வந்துவிட்டால் வீட்டில் அவரைத் திருப்பிப் படுக்க வைப்பது யார் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். கிட்டாரைத் தர மாட்டேன். அதன் விரல்பலகை நன்றாக இருக்கிறது.