சான்டோரினி: ஒயினுக்காகப் போகிறவர்கள் காலையில் போங்கள்

கிரேக்கத் தீவான சான்டோரினியில் ஒயின் சுவைக்க எல்லாரும் கேட்பது எரிமலைவாயைப் பார்த்த மொட்டை மாடியில் சூரியன் மறையும் நேரம். படத்துக்கு நல்லது, ஒயினுக்கு ஆகாது. கோடையில் மெல்டெமி என்கிற வடகாற்று கோப்பையின் வாசனையை மூக்குக்கு எட்டுமுன் அள்ளிப்போய்விடும். காலை 11 மணிக்குப் பதிவு செய்யுங்கள். ஊற்றுகிறவருக்குப் பேச நேரம் இருக்கும். கேட்டால் தோட்டத்தையும் காட்டுவார்.

தோட்டத்தில் பந்தலைத் தேடாதீர்கள். கொடியைத் தரையோடு வட்டமாகச் சுற்றிப் பின்னிக் கூடையாக்குகிறார்கள்; கூலூரா என்பார்கள். குலைகள் கூடைக்குள் காய்ப்பதால் காற்றும் வெயிலும் நேரே தாக்காது. மழை குறைவு. கடலிலிருந்து வரும் மூடுபனியின் ஈரத்தை நுரைக்கல் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. எரிமலை மண்ணில் களிமண் அநேகமாக இல்லை. அதனால் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்ஸெரா பூச்சிக்கு இங்கே பிழைப்பில்லை. ஒட்டுக் கட்டாத சொந்த வேர்தான். காய்ப்பு குறைந்தால் கூடையை வெட்டிவிட்டு அதே வேரிலிருந்து துளிர்க்க விடுவார்கள், ஆகவே வேருக்குத்தான் வயது அதிகம். பல தோட்டங்களுக்கு வேலியே கிடையாது. குளிர்காலத்தில் காய்ந்த சுள்ளி போலக் கிடக்கும், மிதித்துவிடாதீர்கள்.

———

சுவைக்கும் வரிசையையும் சொல்லிவிடலாம். லேபிளில் வெறும் 'சான்டோரினி' என்றிருந்தால் குறைந்தது 85% அசிர்டிகோ திராட்சை: வெள்ளை, இனிப்பில்லாதது, புளிப்பு தூக்கல், ஆல்கஹால் 14% வரை போகும். அடுத்து நிக்டெரி, இது குறைந்தது 3 மாதம் ஓக் மரப் பீப்பாயில் இருந்தது. கடைசியில் வின்சான்டோ: இரண்டு வாரம்போல வெயிலில் உலர்த்திய திராட்சை, ஓக்கில் குறைந்தது 24 மாதம். இனிப்பான வின்சான்டோவை முதலில் குடித்துவிட்டால் பிறகு அசிர்டிகோவில் புளிப்பு மட்டும்தான் தெரியும். ஐஸ் வாளியிலிருந்து எடுத்ததும் குடித்தாலும் அதே கதி. 10 முதல் 12 டிகிரிக்கு வரும்வரை பொறுங்கள்.

அறுவடை ஆகஸ்டில். அதை ஒட்டிய வாரங்களில் போனால் திராட்சை காயப் போட்டிருப்பதைப் பார்க்கலாம்.

———

போக்குவரத்தில்தான் பலர் சிக்குகிறார்கள். பேருந்துகள் தீவின் தலைநகரான ஃபிராவை மையமாக வைத்து ஓடுகின்றன. ஓயா என்ற ஊரிலிருந்து பிர்கோஸ் என்ற ஊருக்குப் போகவும் ஃபிராவில் இறங்கி மாற வேண்டும். நான்கு சக்கர பைக் வாடகைக்கு எடுக்க நினைத்தால், சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கிக்கொண்டு வாருங்கள். ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம், மோட்டார் சைக்கிளுக்கு 0.2 தான். 50 மி.லி. வீதம் ஆறு முறை ஊற்றினால் 300 மி.லி., கிட்டத்தட்ட அரை பாட்டில். குடிக்கிற நாளில் வண்டி வேண்டாம். துப்புவதற்குக் கிண்ணம் வைத்திருப்பார்கள், கூச்சப்படாமல் பயன்படுத்தலாம்.

———

சைவர்களுக்கு: ஃபாவா கேளுங்கள். தீவிலேயே விளையும் மஞ்சள் பருப்பு, ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் சேர்த்து நம் பருப்புக் கடையல் பதத்தில் வரும். அசிர்டிகோவின் புளிப்புக்குச் சரியான துணை. தக்காளிப் பொரியுருண்டையும் கிடைக்கும்.

வாங்கிய பாட்டிலை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும், சுவையும் வெந்துபோகும். விமானத்தில் கைப்பையில் அனுமதியில்லை, துணி சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். இந்தியாவுக்குள் தீர்வையில்லாமல் 2 லிட்டர் கொண்டுவரலாம். வின்சான்டோ பெரும்பாலும் 500 மி.லி. பாட்டிலில் வரும்: அதில் ஒன்று, 750 மி.லி. அசிர்டிகோ இரண்டு, கணக்கு சரியாக முடிந்தது.