‘நம்ம வீடு’ குழுவில் அகிலன் ரிப்போர்ட்

செவ்வாய், இரவு 7:42

ராதா அக்கா: 📷 படம்

ராதா அக்கா: அகிலன் பிளட் ரிப்போர்ட் வந்துருச்சு. கிரியாட்டினின் 0.44. பக்கத்துல 0.3 – 0.7னு போட்டிருக்கு. யூரியாவும் அளவுக்குள்ளதான். லேப்ல “எல்லாம் நார்மல்மா”ன்னு சொல்லிட்டாங்க 🙏

லதா அத்தை: புன்னைநல்லூர் மாரியம்மன் காப்பாத்திட்டா. மாவிளக்கு போடுறேன்னு வேண்டியிருந்தேன். ஞாயித்துக்கிழமை போட்டுறலாம் ராதா.

பெரியப்பா: எனக்கு 1.8. புள்ளைக்கு அரை கூட இல்ல. நிம்மதி.

மீனா: ராதாக்கா, போன வருஷ ரிப்போர்ட்டும் அதுக்கு முந்தின வருஷத்துதும் இருக்கா?

ராதா அக்கா: மஞ்சப்பையில எல்லாம் இருக்கு. ஏன் மீனா?

மீனா: தேதியும் கிரியாட்டினினும் மட்டும் எடுத்து அனுப்புங்கக்கா.

இரவு 8:31

ராதா அக்கா: 2023 ஜூன் 0.22
2024 ஜூலை 0.28
இப்ப 0.44

ராதா அக்கா: எல்லாத்துலயும் டிக் அடிச்சுத்தான் குடுத்திருக்காங்க

மீனா: அக்கா, பொறுமையா படிங்க. கிரியாட்டினின் தசையில உண்டாகி ரத்தத்துல கலக்குற கழிவு. கிட்னி அதை வடிச்சு வெளிய தள்ளும். அதனால அந்த நம்பர்ல ரெண்டு விஷயம் கலந்திருக்கு. உடம்புல தசை எவ்வளவு, கிட்னி வடிக்கிறது எவ்வளவு.

மீனா: அந்த 0.3 – 0.7 ஓடியாடுற புள்ளைங்களை வச்சுப் போட்ட அளவு. நம்ம அகிலன் ஸ்பைனா பிஃபிடாவோட, அதாவது முதுகெலும்பு சரியா மூடாம, பொறந்தவன். காலுக்கும் மூத்திரப்பைக்கும் போற நரம்பு சரியா வேலை செய்யாது. நடக்குறதுக்குக் கால்ல கட்டுற காலிப்பரை மாட்டிவிடும்போது பாத்திருக்கேன், அவன் கெண்டைக்கால் என் ரெண்டு விரல் வளையத்துக்குள்ள அடங்கிடும். அவ்வளவு தசையிலேருந்து என்ன கிரியாட்டினின் வந்துரும்? அவனுக்கு இயல்பே 0.2 பக்கம்தான். அங்கேருந்து 0.44க்கு வந்திருக்கு.

செந்தில் அண்ணன்: ஏறினாலும் நார்மலுக்குள்ளதானே இருக்கு மீனா?

மீனா: பேப்பர்ல இருக்குற நார்மலுக்குள்ள இருக்கு அண்ணா. ஒரே ஆளுக்குத் தசை பெருசா கூடாம கிரியாட்டினின் ரெட்டிப்பானா, கிட்னி வடிக்கிறது ஏறக்குறைய பாதியா கொறஞ்சிருக்குன்னு அர்த்தம். ரெண்டு வருஷத்துல வளந்திருக்கான், அதுக்குக் கொஞ்சம் ஏறலாம். இவ்வளவு ஏறாது. ஊருல உள்ள புள்ளைங்களோட ஒப்பிடாம அவனோட பழைய நம்பரோட ஒப்பிடணும்.

செந்தில் அண்ணன்: கிட்னி எவ்வளவு வடிக்குதுன்னு பாக்க நெட்ல ஒரு கணக்கு இருக்கு. உயரத்தை 0.413ஆல பெருக்கி கிரியாட்டினினால வகுக்கணுமாம். ரிப்போர்ட்ல உயரம் 112. போட்டுப் பாத்தேன், 105 வருது. 90க்கு மேல இருந்தா கவலை இல்லன்னு போட்டிருக்கே?

மீனா: அது ஷ்வார்ட்ஸ் கணக்கு. எங்க ஆஸ்பத்திரி ஓபியிலயும் தினம் போடுவோம். அதே கணக்கை 2023க்குப் போடுங்க அண்ணா. அப்ப உயரம் 103.

செந்தில் அண்ணன்: 193

மீனா: நல்லா இருக்குற கிட்னிக்கே 120 பக்கம்தான் வரும். அப்பவே இந்தக் கணக்கு அவனுக்குப் பொருந்தல. இவ்வளவு உயரம்னா இவ்வளவு தசை இருக்கும்னு அது ஊகம் பண்ணிக்குது. கால்ல தசை இல்லாத புள்ளைக்கு அந்த ஊகம் உடைஞ்சிரும். தசைச் சிதைவு நோய் இருக்குற புள்ளைங்களுக்கும், சிபி, அதாவது மூளை முடக்குவாதம், இருந்து படுத்தே இருக்குற புள்ளைங்களுக்கும் இதே கதைதான்.

மீனா: அந்த 112 யாரு அளந்தது அக்கா?

ராதா அக்கா: யாரும் அளக்கல. “தோராயமா சொல்லுங்கம்மா”ன்னாங்க, சொன்னேன். அவனை நிக்க வச்சு அளக்க முடியாதே. படுக்க வச்சாலும் முட்டி நீளாது.

மீனா: காலையில ரெண்டு கையையும் பக்கவாட்டுல நல்லா விரிக்கச் சொல்லுங்க. ஒரு நடுவிரல் நுனியிலேருந்து அடுத்த நடுவிரல் நுனி வரைக்கும் டேப் பிடிச்சு எழுதி வைங்க. நிக்க முடியாத புள்ளைங்களுக்கு அதைத்தான் உயரத்துக்குப் பதிலா பாப்போம்.

மீனா: டாக்டர்கிட்ட சிஸ்டாட்டின் சி எடுக்கலாமான்னு கேளுங்க. அதுவும் ரத்த டெஸ்ட்தான். அது தசையை நம்பி இல்ல, உடம்புல எல்லாச் செல்லும் உண்டாக்குறது. கிரியாட்டினினை விட செலவு கூட, எல்லா லேப்லயும் பண்ண மாட்டாங்க, வெளிய அனுப்புவாங்க. ஸ்டீராய்டு எடுத்தாலோ தைராய்டு கோளாறு இருந்தாலோ அதுவும் மாறும். அவன் ஸ்டீராய்டு ஏதும் எடுக்குறானா?

ராதா அக்கா: இல்ல. பிளாடருக்கு ஆக்ஸிபியூட்டினின் மட்டும்தான்.

லதா அத்தை: வாழைத்தண்டு ஜூஸ் குடுத்தா கிட்னி சுத்தமாயிடுமே

மீனா: இப்ப வேணாம் அத்தை. பொட்டாசியம் எப்படி இருக்குன்னு பாக்காம எதுவும் குடுக்க வேணாம். முதுகு வலிக்குதுன்னாலும் புரூஃபன் குடுத்துறாதீங்க அக்கா, டாக்டரைக் கேக்காம.

இரவு 9:15

மீனா: அக்கா, மூத்திரம் எடுக்க டியூப் போடுறது நாலு மணி நேரத்துக்கு ஒருதடவை நடக்குதா?

ராதா அக்கா: 🎤 குரல் பதிவு 1:48

செந்தில் அண்ணன்: ஆபீஸ்ல இருக்கேன், கேக்க முடியல. என்ன சொல்றா?

மீனா: ஜூன்லேருந்து ஸ்கூல்ல மதியம் டியூப் போடுறதே இல்லயாம். முன்னாடி இருந்த ஆயாம்மா நின்னுட்டாங்க. காலையில ஏழரைக்குப் போட்டா சாயந்திரம் நாலரைக்குத்தான். நனைஞ்சிடக் கூடாதுன்னு அவன் தண்ணியும் குடிக்கிறது இல்ல. பாட்டில் அப்படியே திரும்பி வருதாம்.

பெரியப்பா: ஒம்பது மணி நேரமா!

மீனா: ராதாக்கா, அழாதீங்க. ஆறு வருஷமா ஒரு வேளை தவறாமப் போட்டது நீங்கதான். இது யாரும் கவனிக்காம நடந்தது. மூத்திரப்பை நிறைஞ்சு அழுத்தம் ஏறினா, அது கிட்னிக்கு மேல தள்ளும். நாளைக்கே ஸ்கேன் எழுதச் சொல்லுங்க. பிபியும் பாக்கச் சொல்லுங்க, சின்னப் புள்ளைதானேன்னு விட்டுருவாங்க.

புதன், காலை 6:50

ராதா அக்கா: கை விரிச்சு அளந்தேன். 116. “பறக்கப் போறேனாம்மா”ன்னு கேக்குறான்.

சனி, மதியம் 1:05

ராதா அக்கா: சிஸ்டாட்டின் சி 1.21 வந்திருக்கு மீனா. ஸ்கேன்ல ரெண்டு கிட்னியும் லேசா வீங்கி இருக்காம். டாக்டர் உன்னை மாதிரியே பழைய ரிப்போர்ட் எல்லாம் கேட்டு வாங்கிப் பாத்தார். மஞ்சப்பையை அப்படியே மேசை மேல கொட்டினேன்.

மீனா: 1.21னா வடிகட்டுறது 60 பக்கம் வரும். 105 இல்ல. ஒரு டெஸ்டை வச்சு முடிவு பண்ண மாட்டாங்க, மூணு மாசத்துக்குள்ள திரும்ப எடுப்பாங்க. அதே லேப்லயே எடுங்க அக்கா. இவ்வளவு சின்ன நம்பர்ல லேப் மாறினாலே 0.1 முன்னப்பின்ன வரும். அப்புறம், வேற எந்த டாக்டர் ஊசி மருந்து எழுதினாலும், முக்கியமா அமிக்கசின், ஜென்டாமைசின், இந்த 60ஐ முதல்லயே சொல்லிருங்க. அவங்க கிரியாட்டினினை மட்டும் பாத்துட்டு முழு டோஸ் எழுதிருவாங்க.

ராதா அக்கா: டயாலிசிஸ் அது இதுன்னு போகுமா மீனா

மீனா: இப்ப அந்தப் பேச்சே இல்ல அக்கா. அழுத்தத்தைக் கொறச்சா இருக்குறதைக் காப்பாத்தலாம். மூத்திரப்பை அழுத்தத்தைப் பாக்குற யூரோடைனமிக்ஸ் டெஸ்டுக்குத் தேதி குடுத்தாங்களா?

ராதா அக்கா: 19ஆம் தேதி. அதுவரைக்கும் மூணு மணி நேரத்துக்கு ஒருதடவை டியூப் போடணும்னு சொல்லிட்டார். ஸ்கூலுக்குக் கடிதமும் குடுத்திருக்கார். ஆனா ஆள் போட ஒரு மாசம் ஆகும்ங்கறாங்க. நான் லீவு எல்லாம் முடிச்சிட்டேன்.

லதா அத்தை: ஸ்கூல் எங்க வீட்டுலேருந்து ரெண்டு தெருதானடி. எனக்கு டியூப் போடச் சொல்லிக்குடு.

ராதா அக்கா: அத்தை, உங்களுக்கு முட்டி வலி

லதா அத்தை: நாளைக்குக் காலையில வந்து உன் பக்கத்துல இருந்து பாக்குறேன். கை கழுவுறதுலேருந்து எல்லாம் காட்டு. திங்கக்கிழமை பத்தரைக்கும் ஒன்றரைக்கும் நான் கேட்ல நிப்பேன்.

மீனா: அத்தை, ஒவ்வொரு தடவையும் எத்தனை எம்எல் வந்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுதிடுங்க. தண்ணி பாட்டிலையும் பாருங்க.

லதா அத்தை: சரி. அகிலன்கிட்ட சொல்லிரு, அத்தைப் பாட்டி வரான்னு.