சட்டைப் பையில் எந்தப் பேனா? இங்க் பேனாவா, பத்து ரூபாய்ப் பேனாவா?

அம்பை_பைக்:
வணக்கம் மக்கா. எனக்குக் கடன் சங்கத்தில் வசூல் வேலை. காலையில் அம்பாசமுத்திரத்தில் வண்டியை எடுத்தால் கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம், பாபநாசம் என்று சுற்றிவிட்டுத் திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது ரசீது எழுதுவேன், அப்புறம் வீட்டுக்கு வந்து நோட்டில் கணக்கு. போன வாரம் மைத்துனன் கல்யாணத்தில் பையில் இருந்த பேனா கக்கிவிட்டது. வெள்ளைச் சட்டையில் நெஞ்சுக்கு நேராக நீலத்தில் ஓர் இலங்கை வரைபடம், வீடியோவில் எல்லாம் விழுந்திருக்கிறது. இனி 500 ரூபாய் வரை போடத் தயார். வெயிலில் சுற்ற வேண்டும், கை வலிக்கக் கூடாது, கக்கக் கூடாது. இங்க் பேனா வாங்கு என்று ஒரு சிநேகிதன் உயிரை எடுக்கிறான். என்ன சொல்கிறீர்கள்?

பாளை_மைக்கூடு:
சிநேகிதன் சொல்வதைக் கேளும். பாளையங்கோட்டையில் 34 வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்து கட்டுரை நோட்டு திருத்திய கை இது, இன்னும் காய்ப்பு இல்லை. பால்பாயிண்டில் மை எண்ணெய்ப் பசை மாதிரி இருக்கும், குண்டு உருண்டால்தான் அது இறங்கும், குண்டு உருள நீர் அழுத்த வேண்டும். இங்க் பேனாவில் தண்ணீர் மாதிரி மை, நிப்பின் நடுக் கீறல் வழியாகத் தானாக இறங்கி வரும். தாளைத் தொட்டால் போதும், அழுத்தினால் நிப்புதான் விரியும். நாற்பது ரசீதுக்குப் பிறகு உமது கட்டைவிரல் ஏன் வலிக்கிறது என்று இப்போது புரிகிறதா? மெல்லிய நிப்பாக வாங்கும். அதிலும் ஜப்பான்காரன் ஃபைன் என்று போட்டால் ஐரோப்பாக்காரன் ஃபைனை விடச் சன்னமாக இருக்கும். தமிழுக்கு அது முக்கியம், தடித்த நிப்பில் ஞ, இ, ண எல்லாம் வயிறு அடைத்துப்போகும். (1978-இல் எழுத்தைச் சீர்திருத்தினார்கள், நான் இன்றும் ணை, லை எல்லாம் பழையபடி ஐகாரத்தை யானைத் தும்பிக்கை மாதிரி வளைத்துத்தான் எழுதுகிறேன். அந்தச் சுழிப்பை ரீஃபில் பேனாவில் போட்டுப் பாரும், குதிரை நொண்டும்.)

பத்திரம்_எழுத்தர்:
சார்வாள் கோவிச்சுக்கக் கூடாது. அவர் கட்டுரை திருத்தவில்லை, ரசீது போடுகிறார். ரசீதுக்கு அடியில் கார்பன் இருக்கும். தொட்டால் போதும் என்கிற பேனாவால் எழுதினால் மேல் தாளில் அழகாக இருக்கும், கீழ்ப் பிரதியில் ஒன்றுமே இருக்காது. அழுத்தினால் நிப்பு விரியும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பத்திரப்பதிவு ஆபீஸ் வாசலில் 22 வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், இப்போது பத்திரம் கம்ப்யூட்டரில் அடிக்கிறோம், ஆனால் மனு, விண்ணப்பம், சாட்சிக் கையெழுத்து எல்லாம் இன்னும் கையால்தான். வருகிற தாள் எல்லாம் சாணித் தாள். அதில் இங்க் பேனா வைத்தால் மை வேர் விட்டுப் பரவும், பின்பக்கம் எட்டிப் பார்க்கும்.

இன்னொன்று. பால்பாயிண்டை ஏதோ சோம்பேறிச் சாமான் மாதிரிப் பேசுகிறார்கள். அதை உருவாக்கிய லாஸ்லோ பீரோ ஒரு ஹங்கேரி பத்திரிகைக்காரர். பத்திரிகை அச்சு மை சட்டென்று காய்கிறதே, அதைப் பேனாவில் ஊற்றினால் என்ன என்று யோசித்து, அந்த மை நிப்பில் இறங்காததால் முனையில் குண்டு வைத்தார். 1938-இல் காப்புரிமை வாங்கினார். எழுதிப் பிழைத்தவன் எழுதிப் பிழைப்பவனுக்குச் செய்த பேனா அது. ரெனால்ட்ஸ் வெள்ளைப் பேனா, நீல மூடி, ஒரு தலைமுறையே அதில் படித்து வேலைக்குப் போயிருக்கிறது.

குரூப்2_குமுறல்:
ரெண்டு பெரியவர்களும் தொண்ணூறுகளிலேயே நின்றுவிட்டீர்கள். ஜெல் என்று ஒன்று இருக்கிறது அண்ணாச்சி, 1984-லேயே ஜப்பானில் வந்தாச்சு. பால்பாயிண்ட் மாதிரிக் குண்டு, இங்க் பேனா மாதிரி வழுக்கல். நான் சங்கரன்கோவிலில் உட்கார்ந்து குரூப் 2 மெயின்ஸ் தேர்வுக்குத் தினம் மூன்று மணி நேரம் எழுதிப் பழகுகிறேன், கை வலியே கிடையாது. ஓஎம்ஆர் தாளுக்கு மட்டும் கருப்பு பால்பாயிண்ட், அது தேர்வாணைய விதி, வேறு வழியில்லை.

பத்திரம்_எழுத்தர்:
தம்பி, ஜெல் பேனாவை ஒரு தடவை முனை குத்தக் கீழே போடும், அப்புறம் சொல்லும். குண்டில் சொட்டை விழுந்தால் ரீஃபில் நிறைய மை இருக்கும், எழுத்து வராது. எழுதின உடனே கை பட்டால் இழுவும். கார்பனுக்கும் சுமார்தான்.

குரூப்2_குமுறல்:
விழுந்தால் போகும், ஒத்துக்கொள்கிறேன். மாதம் ரெண்டு போகிறது.

ரதவீதி_கடை:
நெல்லையப்பர் கோவில் பக்கம் ஸ்டேஷனரி கடை. விற்கிறவன் சொல்கிறேன், எவரும் கேட்ட கேள்விக்கு இன்னும் வரவில்லை. பேனா ஏன் கக்கியது? வெயிலில் பைக் டேங்கு மேல் இருந்த பை, அல்லது வியர்த்த சட்டைப் பை. சூட்டில் பால்பாயிண்ட் மை இளகும், முனை கீழே பார்த்துக் கிடந்தால் சொட்டும். இங்க் பேனாவிலோ உள்ளே இருக்கிற காற்று சூட்டில் விரிந்து மையை வெளியே தள்ளும், அதுவும் மை கால்வாசிதான் இருக்கும்போது ரொம்பத் தள்ளும், ஏனென்றால் காற்று அதிகம். ஆகவே இங்க் பேனா என்றால் முழுக்க ஊற்றி, நிப்பு மேலே பார்க்கக் கிளிப்பில் மாட்டி வைக்க வேண்டும். கையால் கடைந்த எபோனைட் பேனா, திருவள்ளூரில் செய்கிறார்களே, அது மாதிரி நேராகக் குழலிலேயே மை ஊற்றுகிற சாமானை மத்தியான வெயிலில் பைக்கில் கொண்டு போகாதீர்கள். வீட்டு மேஜையில் அது ராஜா. உள்ளே மை உறை (கார்ட்ரிட்ஜ்) போட்ட பேனா என்றால் இவ்வளவு தொல்லை இல்லை.

அப்புறம், ஜெட்ஸ்ட்ரீம் என்று யூனிபால் கம்பெனி ஒன்று கொண்டுவந்தார்கள். எண்ணெய் மைதான், ஆனால் இளகின மை. சாதாப் பால்பாயிண்டை விடக் குறைந்த அழுத்தம் போதும், கார்பனும் விழும், பட்டன் அமுக்குகிற பேனா. நான் இதை விற்றால் எனக்கு லாபம் கொஞ்சம்தான், ஜெல் பாக்கெட்டில்தான் காசு. எது வாங்கினாலும் கடையில் வைத்திருக்கிற வழவழத் தாளில் கிறுக்கிப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் ரசீது புத்தகத்தைக் கொண்டு வந்து அதில் எழுதிப் பாருங்கள்.

பாளை_மைக்கூடு:
கார்பனுக்கு நான் தோற்றேன், சரி. ஆனால் வீட்டுக் கணக்கு நோட்டுக்கும் கையெழுத்துக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தென்காசி_நர்ஸ்:
எல்லாரும் எழுதுவதையே பேசுகிறீர்கள், பேனா கையில் இருந்தால்தானே எழுதுவதற்கு. எங்கள் வார்டில் என் பேனா கையெழுத்துப் போட ஒரு டாக்டரிடம் போகும், அவரிடமிருந்து நோயாளியின் மாமாவிடம் போகும், அதோடு அது பஸ் ஏறிவிடும். பட்டன் பேனாவுக்கு இதுதான் சாபம். மூடி வைத்த பேனா என்றால் மூடியை என் கையில் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் கொடுப்பேன். மூடியில்லாத பேனாவைப் பையில் போட யாருக்கும் மனசு வராது, திரும்பி வந்துவிடும். ஆறு வருஷமாக ஒரே பேனா.

அப்புறம் கறைக்கு ஒரு வார்த்தை. பால்பாயிண்ட் கறை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போகும். சானிடைசர் கூடப் போதும். இங்க் பேனா மை என்றால் முதலில் பச்சைத் தண்ணீர், சோப்பு அப்புறம்.

பாளை_மைக்கூடு:
அம்மாடி, நல்ல பாயிண்ட் எடுத்துக் கொடுத்தாய். எழுத்தர் அவர்களே, ஸ்பிரிட் தொட்டால் சட்டையிலிருந்து போகிற மை காசோலையிலிருந்து போகாதா? உம்முடைய பேனாவில் எழுதிய தொகையை ஒருவன் பஞ்சால் துடைக்கலாம்.

பத்திரம்_எழுத்தர்:
உங்கள் ராயல் ப்ளூ இங்க் பேனா மையை ஸ்பிரிட் கூட இல்லாமல் குற்றாலச் சாரலே துடைத்துவிடும் சார்வாள். ஒரு கட்டு மனுவைத் தென்காசி ரோட்டில் நனைத்துக்கொண்டு வந்த கட்சிக்காரரை நான் பார்த்திருக்கிறேன். நீல ஆறு.

பாளை_மைக்கூடு:
ராயல் ப்ளூ பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு, துவைத்தால் போக வேண்டும் என்றே செய்தது. நான் சொல்வது பழைய ப்ளூ ப்ளாக். நம் ஆட்கள் கடுக்காயையும் அன்னபேதியையும் ஊறவைத்து மை காய்ச்சினார்களே, அதே ரசாயனம்தான்: துவர்ப்பும் இரும்பும். எழுதும்போது நீலமாக இருக்கும், காற்றுப் பட்டுக் கருக்கும், தாளின் நாரில் ஏறிவிடும், தண்ணீருக்கு அசையாது. இப்போது ப்ளூ ப்ளாக் என்று பெயர் போட்டவை எல்லாம் அது இல்லை, பார்த்து வாங்க வேண்டும். பிளாட்டினம் கம்பெனி மை அந்த வகை. பேனாவை மட்டும் மாதம் ஒரு தடவை சாதாத் தண்ணீரில் அலச வேண்டும், உள்ளே காயவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

குரூப்2_குமுறல்:
ஜெல்லிலும் நிறமித் துகள் மை நாரில் ஏறும், ஸ்பிரிட்டுக்கும் அசையாது. சும்மா சொல்லி வைக்கிறேன். என்னை எவரும் கேட்கவில்லை.

பத்திரம்_எழுத்தர்:
அது நியாயம். செக் எழுத மட்டும் நானும் அதுதான் வைத்திருக்கிறேன். வெளியே சொல்லாதேயும்.

அம்பை_பைக்:
மக்கா, ஒரு மாசம் ஆச்சு, வந்து சொல்லணும் இல்லையா. ரதவீதி அண்ணாச்சி கடைக்கு ரசீது புத்தகத்தோடு போனேன். ஏழெட்டுப் பேனாவில் எழுதிக் கார்பன் பிரதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்னால் நின்றவர் பொறுமை இழந்து போயே விட்டார். ரசீதுக்கு இளகின மை பட்டன் பேனா வாங்கினேன், வலி பாதியாகக் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. கக்கவும் இல்லை. கணக்கு நோட்டுக்கு உறை போட்ட இங்க் பேனா, சன்ன நிப்பு. ரெண்டும் சேர்த்து 500-க்குள் அடங்கிவிட்டது. சார்வாளைப் பாளையில் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன், மை உறையில் அவர் பாட்டிலிலிருந்தே நிரப்பிக் கொடுத்தார், கூடவே ஒன்றரை மணி நேரம் ஐகாரத் தும்பிக்கையும் சொல்லிக் கொடுத்தார்.

நேற்று வசூலுக்குப் போன இடத்தில் பட்டன் பேனாவைக் காணோம், யாரோ கையெழுத்துப் போட்டு எடுத்துப் போயிருக்கிறார்கள். அவசரத்துக்கு இங்க் பேனாவை எடுத்தேன். ஒரு பெரியவர் கேட்டார், நர்ஸ் அக்கா சொன்னபடி மூடியை நான் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் கொடுத்தேன். மனுஷன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போன் பேசிக்கொண்டே அதை அப்படியே சட்டைப் பையில் நிப்பு கீழே பார்க்கச் செருகிக்கொண்டு போய்விட்டார். வெள்ளைச் சட்டை. சாயங்காலம் அவரே வீடு தேடி வந்து பேனாவைக் கொடுத்தார், சட்டையையும் காட்டினார். எங்கள் சங்கத்தின் பெரிய வைப்புதாரர் வேறு.

தென்காசி_நர்ஸ்:
ஐயையோ. பயப்படாதீர்கள், இங்க் பேனா மைதானே, உடனே பச்சைத் தண்ணீரில் அலசச் சொல்லுங்கள். ராயல் ப்ளூதானே?

அம்பை_பைக்:
இல்லை அக்கா. சார்வாள் ஊற்றிக் கொடுத்த ப்ளூ ப்ளாக்.